தலைவியின் மணிக்கட்டு

மிதவூரில் காலையில் தலைவராக எழுந்தவர் மத்தியானமும் தலைவராகவே சாப்பிடுவார் என்று அடித்துச் சொல்ல முடியாது. அங்கே பதவிக்காலத்துக்கு நாளும் கிழமையும் கிடையாது. கடலில் மிதக்கும் அந்த ஊரில் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு நம்பிக்கைமானி. பாதிப் பேருக்கு மேல் நம்பினால் பதவிக்காலம் தொடங்கும். அது குறைந்த நொடியில் முடிந்துவிடும். தலைவரைச் சந்தேகித்தால் மானி உள்பக்கம் சுடும். கட்டியிருப்பவருக்கு மட்டும்தான் தெரியும். ரகசிய வாக்கெடுப்பு அல்லவா!

குணவதி இறக்கிவிட்ட தலைவர்கள் கொஞ்சநஞ்சமல்ல. "அவரு வீட்டுக் குழாயில மட்டும் எப்படித் தண்ணி சீறுது?" என்று சந்தையில் ஒரு வார்த்தை போடுவாள். சாயங்காலத்துக்குள் நாற்காலி காலி. தலைவர் கையிலும் மானி கட்ட வேண்டும் என்று சண்டை போட்டு விதி எழுத வைத்தவளும் அவள்தான். "அவரு மட்டும் என்ன வானத்துலேருந்து குதிச்சவரா?"

அன்று காலை இன்னாசியின் பதவி போனதும் அவள் வாயால்தான். புயல் வருகிறது, ஊரைக் கழிமுகத்துக்குள் ஓட்டிப்போக வேண்டும் என்றார் அவர். "கழிமுகத்துல அவரு மச்சானுக்கு இடம் இருக்கு, தெரியுமா?" என்றாள் இவள். முடிந்தது கதை. வானம் கறுத்த பிறகுதான் ஊருக்கு உதறல் எடுத்தது. வேறு வழியின்றி குணவதியையே தலைவியாக்கினார்கள். பாதிக்கு மேல் ஒரே ஒரு ஆள்தான் தேறியது.

இயந்திர அறையில் அவள் உள்ளங்கையைப் பலகையில் வைத்தாள். தலைவரின் கைக்குத்தான் ஊர் நகரும். கீழ்த்தளத்தில் பச்சைக் குழந்தையோடு அவள் மகள் படுத்திருந்தாள். அந்த நினைப்பிலேயே குணவதி உள்ளங்கையை இன்னும் அழுத்தினாள்.

"ஊரு கழிமுகத்துப் பக்கம் திரும்புதுக்கா!" என்றாள் இயந்திரம் பார்க்கும் நூர்ஜஹான்.

வாசலில் நின்ற இன்னாசி, "நல்லபடியா கொண்டுபோம்மா" என்றார்.

ஏன் இவ்வளவு தன்மையாகப் பேசுகிறார்? நாற்காலியையும் முணுமுணுக்காமல் விட்டுக்கொடுத்தாரே! ஊர் கவிழ்ந்தால் பழி என் தலையில் விழட்டும் என்றா? கழிமுகம் சரியான வழிதானா? ஐயோ, எனக்கு என்ன தெரியும்? என்னை நம்பியா இத்தனை பேரும்...

மணிக்கட்டு சுட்டது.

இயந்திரம் நின்றது. 'பதவிக்காலம் முடிந்தது' என்றது பலகை. பாதி திரும்பிய ஊர், அலைக்கு விலாவைக் காட்டியபடி ஆடத் தொடங்கியது.

"எவன்டா அவன், இந்த நேரத்துல?" என்று வெளியே கூட்டம் கத்தியது. நூர்ஜஹான் ஒலிபெருக்கியில் புதுத் தலைவராக இன்னாசியின் பெயரைச் சொன்னாள். தேறவில்லை. தன் பெயரைச் சொன்னாள். அதுவும் தேறவில்லை. பக்கத்தில் நிற்பவன்தான் கவிழ்த்தான் என்று ஒவ்வொருவரும் முறைத்துக்கொண்டிருந்தபோது யார் யாரை நம்புவது?

தான் ஒப்புக்கொண்டால் இந்தச் சந்தேகம் அடங்கும், யாராவது ஒருவர் தேறுவார் என்று குணவதிக்குப் புரிந்தது. வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஒலிபெருக்கியை வாங்கினாள்.

"வேற யாருமில்ல. நான்தான். என் கைதான் சுட்டுச்சு."

வெளியே சத்தம் அடங்கியது. நூர்ஜஹான் அவளை மேலும் கீழும் பார்த்தாள். குணவதி அவள் இடத்தில் இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பாள்.

"யாரைக் காப்பாத்த இப்படிச் சொல்றீங்கக்கா?"