விருதுக்கு ஒரு விஷம்

ட்ரிங்... ட்ரிங்...

சிலாபம் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் முபாறக்கின் போன் அலறியபோது, கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பேராசிரியர் பதியுதீன் செத்துக்கொண்டிருந்தார்.

முபாறக்குக்கு உள்ளுக்குள் ஒரே குதூகலம். அவர் குடித்த தேத்தண்ணியில் விஷம் கலந்தவனே அவன்தானே!

அதுவும் எப்பேர்ப்பட்ட விஷம்! எத்தாளைக் கரையில் எடுத்த கடல் பஞ்சிலிருந்து அவனும் பேராசிரியரும் சேர்ந்து பிரித்தெடுத்த புதுச் சேர்மம். எந்த டொக்டரும் கேள்விப்படாதது. சேதன இரசாயன ஆய்வுக்கான பெரிய விருதுக்கு அதைத்தான் அனுப்பியிருந்தார்கள். கிழவர் தொலைந்தால் புகழ் முழுக்க அவனுக்கு!

போனை எடுத்தான். தெரியாத பெண் குரல்.

"டொக்டர் முபாறக்கா? விருதுக் குழுவிலிருந்து பேசுறோம். நீங்க ரெண்டு பேரும் தெரிவாகியிருக்கீங்க!"

"அல்ஹம்துலில்லாஹ்! ஆனா... பதியுதீன் சேர் சீரியஸா இருக்கிறார். அவர் மௌத்தாகினா?"

"விருது அடுத்த குழுவுக்குப் போயிடும். பின்னேரம் அறிவிக்கிற வரைக்கும் ரெண்டு பேரும் உயிரோட இருக்கணும்."

லைன் கட்!

அவன் கண்ணாடிக் கதவில் முகத்தை அழுத்தினான். பாவி மனுஷா... பின்னேரம் வரைக்குமாவது மூச்சு விடு!

அந்த விஷத்தோடு வேலை செய்கிறவர்கள் மாற்று மருந்தைப் பையிலேயே வைத்திருப்பார்கள். பதியுதீனின் பையில் இருந்ததைக் காலையில் உருவி எறிந்தவன் முபாறக்தான். அவனுடையது பத்திரமாக இருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான்.

"டொக்டர்! இத ஏத்துங்க! கெதியா!"

"என்ன இது?"

"மாற்று மருந்து! எங்கட கடல் பஞ்சு விஷம்தான் உள்ள போயிருக்கு!"

ஊசி ஏறியது. கொஞ்ச நேரத்தில் பதியுதீனின் நெஞ்சு சீராக ஏறி இறங்கியது.

கட்டிலருகே நின்ற அவர் மனைவி மஹ்மூதா மெல்லத் திரும்பினாள்.

"நீங்க குடுத்த தேத்தண்ணி கசக்குது எண்டு மட்டும்தான் சொல்லிட்டு மயங்கினார். என்ன விஷமெண்டு ஒங்களுக்கு எப்பிடித் தம்பி தெரியும்?"

அவன் கதவை நோக்கிப் பின்வாங்கினான்.

"கேட்டா சொல்லியிருப்பீங்களா? அதான் என்ட தங்கச்சி ஸஹ்னாவ விட்டு விருதுக் குழு எண்டு பேச வெச்சன். நல்லாப் பேசினாளா?"

கதவோரம் போனும் கையுமாக ஸஹ்னா. அவளுக்குப் பின்னால்... பொலிஸ்!

"அப்ப... விருது?"

வெட்கங்கெட்டவன், அப்போதும் அதைத்தான் கேட்டான்.

"அது காலையிலயே கிடைச்சிட்டு. ஒங்களுக்கு மட்டும்!" என்றாள் மஹ்மூதா.

"என்னது?"

"வயசு போன எனக்கு என்னத்துக்கு, முபாறக் முன்னேறட்டும் எண்டு இவர் தன்ட பேர எடுத்திட்டார். நீங்க தேத்தண்ணி கொண்டு வந்த நேரம் அதச் சொல்லத்தான் இருந்தார்!"

விலங்கு மாட்டப்பட்டது. முபாறக் தேம்பி அழுதான்.

"அழாதீங்க தம்பி! ஒங்களுக்குப் பதிலா மேடையேறி விருத வாங்க இவரையே அனுப்புறன். ஒங்கட தயவில நல்ல சுகமாத்தானே இருக்கிறார்!"