மூன்றாவது ஜெர்மன்காரன்

கணவர் விதோயேயின் கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மதியத்துக்கு மேல் திரும்பிய ரோக்சாந்தா வாசலிலேயே நின்றுவிட்டாள். கூடமே தலைகீழாகக் கிடந்தது. சுவரில் புது டி.வி. அவளுடைய சோபாவைக் காணோம்.

"உங்க சோபாவைப் பின்னறையில போட்டுட்டேன் அத்தை. அந்தப் பழைய டி.வி.யைத் தூக்கிக் கொடுத்தாச்சு," என்றாள் மருமகள் நெவெனா, பெருக்குவதை நிறுத்தாமலே.

பின்னறையில்தான் குளிர்காலத்துக்கு முட்டைக்கோஸ் ஊறும் பீப்பாய் இருந்தது. தையல் ஆலையில் முதுகொடிய உழைத்து, ஒற்றைப் பிள்ளைக்காக மறுகல்யாணமும் வேண்டாமென்றவளுக்கு, கடைசியில் அந்தப் புளித்த வாடைக்குப் பக்கத்தில் இடம்! ஆனாலும் அவள் கவலை சோபா அல்ல. இன்று மூன்று மணிக்குப் பழைய யுத்தத் தொடரின் ஏழாம் பகுதி. வருஷத்துக்கு ஒருமுறை, மரங்களெல்லாம் மொட்டையான பிறகுதான் அதைப் போடுவார்கள்.

மூன்றடிக்கப் பத்து நிமிஷம் இருக்கும்போது மெல்லக் கேட்டாள். "நெவெனா... அந்தத் தொடரைக் கொஞ்ச நேரம் போடும்மா."

"மறுபடியும் டுமீல் டுமீலா? புது டி.வி.க்கு முதல் நாளே பிணமா விழணுமா அத்தை?"

மகன் வெலிமிர் பேப்பரை மடக்கி வைத்தான். "போன வருஷம் பக்கத்து வீட்டுக்காரங்க முன்னால, ஜெர்மன்காரன் சாகறதைப் பார்த்து ஓன்னு அழுதியேம்மா... எனக்குத் தலை நிமிர முடியல. தாத்தாவைச் சுட்டவங்க அவங்க. நம்ம ஆளுங்க செத்தா மட்டும் உனக்குக் கண்ணு நனையாது."

ரோக்சாந்தா நிமிர்ந்து மகனைப் பார்த்தாள்.

"அது ஜெர்மன்காரன் இல்லடா... உங்கப்பா."

துடைப்பம் நின்றது.

"பட்டாளத்துல இருந்தப்ப இந்தத் தொடர்ல நடிக்கக் கூட்டிட்டுப் போனாங்க. பாதிப் பேருக்கு நம்ம உடுப்பு, மீதிப் பேருக்கு ஜெர்மன் உடுப்பு. இவருக்கு அது வந்து வாய்ச்சுது. 'எங்கம்மாவுக்குத் தெரிஞ்சா நெஞ்சு வெடிச்சுடும், யார்கிட்டயும் சொல்லாதே'ன்னு சத்தியம் வாங்கினார். உனக்கு ஒரு வயசு ஆகறதுக்குள்ள போய்ச் சேர்ந்துட்டார்... நான் சத்தியத்தைக் கட்டிக்கிட்டு அழுதேன்."

நெவெனா டி.வி.யைப் போட்டாள். பனிக்காட்டில் மூன்று பேர் ஓடி வந்தார்கள். சத்தம் கேட்டது. முதல் ஆள் விழுந்தான், அடுத்தவன் விழுந்தான். மூன்றாமவர் தடுமாறி இரண்டடி நடந்து குப்புற விழுந்தார்.

"என்னை மாதிரியே ஒரு தோளைச் சாய்ச்சு நடக்கறாரேம்மா..." என்றான் வெலிமிர். "போட்டோவுல தவிர நான் அவரைப் பார்த்ததே இல்லையே. ஏம்மா தனியாவே அழுதே?" அவள் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான்.

அவன் தலையைக் கோதிவிட்டு அவள் எழுந்தாள். "அவ்வளவுதான்யா. இனி அடுத்த வருஷம்தான்."

பின்னறைக்குத் திரும்பியவளின் கையை நெவெனா பிடித்துக்கொண்டாள். "என்னை மன்னிச்சுடுங்க அத்தை... போகாதீங்க. உட்காருங்க. இந்தப் புது டி.வி.யில ஓடினதைப் பின்னால கொண்டுபோகலாம்."

பொத்தானை அழுத்தினாள். பனியில் விழுந்து கிடந்த விதோயே, மெதுவாக எழுந்து நின்றார்.