முப்பத்தேழாம் நம்பர் டின்

“நீதான் போடுற. வேற யாரு போடுவா?”

“நான் ஏன்டா போடப் போறேன்? ராத்திரி கவுத்து வச்சிட்டுத்தான் படுத்தேன். காலையில பாத்தா நிமிந்து நிக்குது. உள்ள மூணு கெடக்கு.”

“எலி கொண்டாந்து போட்டிருக்கும்.”

“ஆமா, எலி ஒக்காந்து எண்ணிப் போடும். தெனம் மூணு. ஒன்னு கூடவும் இல்ல, கொறயவும் இல்ல.”

“கடைசியா சொல்றேன்மா. அத ஆத்துல விட்டெறி. இல்லாட்டி நான் இந்த வீட்டுல படுக்க மாட்டேன்.”

“படுக்காத போ. அவ சொன்னப்ப காது குடுக்காதவன் இப்ப எங்க படுத்தா என்ன.”

கதவைத் தட்டுவதற்காகத் தூக்கிய கையை றுஸைனா அப்படியே நிறுத்திவிட்டாள். உள்ளே பேசுவது மாரியாயியும் அவள் மகன் விஜேந்திரனும். கொஸ்லந்தவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தின் உச்சியில், தொழிலாளர் வரிசை வீடுகளில் கடைசி லயம் அது. மணி இரண்டரைதான் ஆகியிருந்தது. ஆனாலும் பனிமூட்டம் இறங்கி லயத்துக் கூரைகளைப் பாதி விழுங்கியிருந்தது. ஈரச் சாக்கு வாடையும், விறகுப் புகையும், எங்கோ ஒரு தகரத்தில் நீர் சொட்டுகிற சத்தமும் தவிர அங்கே வேறொன்றும் இல்லை.

அவள் வந்தது அந்த டின்னை வாங்கிக்கொண்டு போகத்தான்.

கர்ப்பிணித் தாய்மாரையும் வயிற்றுப் பிள்ளையையும் பற்றிய ஓர் ஆராய்ச்சிக்காக இரண்டு வருடமாகத் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்குகிறாள் றுஸைனா. எடை பார்ப்பாள், பிரஷர் பார்ப்பாள், படிவம் நிரப்புவாள். பிள்ளை அசைவதைக் கணக்கெடுக்க ஆளுக்கொரு வெறும் பால்மா டின் கொடுத்திருந்தார்கள். கொழுந்து பறிக்கிற கையில் பேனா நிற்காது, அதனால் பெரிய டொக்டரே யோசித்துச் சொன்ன வழி. காலையில் பெரட்டுக்குப் பேர் கொடுக்கப் போகிற நேரம் தொடங்கி மாலை வரைக்கும், பிள்ளை ஒரு தடவை அசைந்தால் டின்னில் ஒரு தேயிலைக் கொட்டை. பத்துக்குக் குறைந்தால் அன்றைக்கே, அந்த நிமிடமே பதுளை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். சட்டம் அவ்வளவுதான்.

அறுபது டின்னில் ஐம்பத்தொன்பது திரும்பி வந்துவிட்டன. வராதது முப்பத்தேழாம் நம்பர் மட்டும். அது விஜேந்திரனின் மனைவி விஜயலெட்சுமியின் டின். அவள் இறந்து நாற்பது நாள் ஆகிறது. திங்கட்கிழமை விசாரணைக்காரர்கள் இந்த லயத்துக்கே வந்து, லெச்சுமி உங்களிடம் எத்தனை என்று சொன்னாள் என்று கேட்கப்போகிறார்கள். அதற்கு முன் டின் கைக்கு வர வேண்டும். வீட்டாருக்கு என்ன தெரியும் என்பதும் தெரிய வேண்டும்.

தெரிந்துவிட்டால் வேலை போகும். பேர் போகும். ஊருக்குள் தலை காட்ட முடியாது.

அவள் கதவைத் தட்டினாள். பேச்சு நின்றது.

கதவைத் திறந்த விஜேந்திரன் அவளைப் பார்த்ததும் தோளை ஒடுக்கிக்கொண்டு வெளியே போய்விட்டான். மாரியாயி மட்டும் அடுப்பங்கரை வாசலில் நின்றாள்.

“வாங்க மிஸ். ஒக்காருங்க. தேத்தண்ணி ஊத்தட்டா?”

“வேணாம்மா. பஸ் போயிரும். அந்த டின்ன மட்டும் தந்தா...”

“அன்னிக்கும் குடிக்காமத்தான் போனீங்க.” மாரியாயியின் குரலில் கோபம் இல்லை. அதுதான் என்னவோ போல் இருந்தது. “லெச்சுமி புள்ள ஊத்திக் கொண்டாந்து வச்சிச்சு. ஆறிப்போயி ஆடை கட்டிருச்சு.”

றுஸைனாவின் கண், கேட்காமலே, அடுப்புப் பக்கம் போனது.

அன்று ஒரு செவ்வாய்க்கிழமை. இதே இடம். வெளியே அடைமழை. பெரகலப் பக்கம் மண் சரிகிறதென்று கீழே வேன்காரன் ஓயாமல் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். பதுளையில் தங்கை மகள் றிஸ்காவுக்கு மருதாணி வைக்கிற நாள் வேறு. லெச்சுமி, மலையிலிருந்து வந்த கோலத்தில், இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படங்கிலிருந்து தண்ணீர் வடிய, முதுகைக் காட்டிக்கொண்டு தேத்தண்ணி ஊற்றினாள். முப்பத்துமூன்று வாரம். முதல் பிள்ளை.

றுஸைனா டின்னைத் திறந்து பார்த்தாள். மூன்று. பச்சைத் தோல் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்த மூன்று புதுக் கொட்டைகள்.

அனுப்புவதென்றால் வேனில் ஏற்ற வேண்டும். ஆஸ்பத்திரியில் காத்துக் கிடக்க வேண்டும். இருட்டிவிடும். அவள் கை தன்பாட்டில் பைக்குள் போனது. அலுவலகத்தில் கொடுத்த பழைய கொட்டைகள், காய்ந்து கறுத்தவை. ஒன்பதை எடுத்துச் சத்தம் வராமல் டின்னுக்குள் விட்டாள். போனில் படம் எடுத்தாள். லெச்சுமி திரும்பவேயில்லை.

“பன்னெண்டு இருக்கு. புள்ள நல்லா இருக்கு.”

அப்போதுதான் அவள் திரும்பினாள், கையில் கோப்பையோடு. “இல்லீங்களே மிஸ். நான் மூணுதான் போட்டேன். இன்னிக்கு என்னமோ கல்லு மாதிரி கெடக்கு.”

“மறந்திருப்பீங்க. தூக்கக் கலக்கத்துல போட்டிருப்பீங்க.”

அவள் டின்னை எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு இருந்தது. அவள் தன் வயிற்றை ஒரு தடவை பார்த்தாள், பிறகு மிஸ்ஸைப் பார்த்தாள். “அப்படியா இருக்கும்” என்றாள்.

நாலு நாள் கழித்துத் தோட்டத்து லொறியில் ஏற்றினார்கள். பெரகல சந்தியை அவள் உயிரோடு தாண்டவில்லை. பிள்ளை அதற்கு முன்பே, எப்போதோ, போயிருந்தது.

“இந்தாங்க.”

மாரியாயி டின்னை நீட்டினாள். றுஸைனா வாங்கி மூடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

“காலையில கெடந்தத எடுத்து அவ குழி மேல வச்சிட்டேன்” என்றாள் மாரியாயி. “மூணுன்னுதான் எங்கிட்டயும் சொன்னிச்சு. நான்தான் மிஸ் படிச்சவங்க, அவங்க எண்ணுனா சரியாத்தான் இருக்கும்னு அதட்டிப் படுக்க வச்சேன். திங்கக்கெழம வந்து கேப்பாங்கல்ல, சொல்லிக்கிறேன்.” சீலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். “நீங்க கொண்டு போங்க. அதுவும் இங்க இருக்கப் பிரியமில்லாமத்தான் தெனம் நிமிந்து நிக்குது.”

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டின் கைப்பைக்குள், பை மடியில். பஸ் உறுமிக்கொண்டே ஏறியது. கண்ணாடிக்கு வெளியே பனிமூட்டம் வெள்ளைச் சீலை மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. ஈரக் குடைகளின் வாடை, முன்சீட்டுக் குழந்தையின் புளித்த பால் வாடை, எங்கிருந்தோ பச்சைக் கொழுந்தைக் கசக்கிய வாடை. யாரும் கொழுந்துச் சாக்கோடு ஏறவில்லை. றுஸைனா இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டாள்.

பெரகல சந்தியில் பஸ் நின்றது. கண்டக்டர் இறங்கி ஒரு கடையில் ஏதோ வாங்கினான். இஞ்சின் நின்ற அந்த அமைதியில்,

தொப்புளுக்குக் கீழே ஏதோ அசைந்தது.

வாயு என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் இரண்டு பிள்ளை பெற்றவள் அவள். வாயு எப்படி இருக்கும், மற்றது எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். உள்ளிருந்து ஒரு சின்னக் குதிகால் அழுத்தி, வழுக்கி, விலகியது. அதே நொடியில் மடியிலிருந்த பைக்குள்,

டக்.

மூன்று வருடத்துக்கு முன் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தாகிவிட்டது. அந்தத் தழும்பு இன்னும் மழை நாளில் இழுக்கும்.

பையைத் திறந்தாள். டின்னைத் திறந்தாள். ஒரு கொட்டை. பச்சைத் தோல் ஈரமாக ஒட்டிக்கொண்டிருந்தது.

“நோனா, டிக்கட் எடுத்தாச்சா?” கண்டக்டர் கேட்டான். அவள் தலையாட்டினாள்.

கொட்டையை ஜன்னலால் வீசினாள். டின்னை இறுக்கி மூடினாள். பண்டாரவளை போனது. யாரோ இறங்கினார்கள், யாரோ ஏறினார்கள். அவள் இரண்டு கையையும் வயிற்றில் வைத்துக்கொண்டே இருந்தாள். ஒன்றும் இல்லை. ஒன்றும் இல்லை. மனப்பயம்தான் என்று நினைத்து மூச்சை விட்டாள். ஹாலிஎலயில் ரயில் கேட் போட்டிருந்தது. பஸ் நின்றது.

அசைந்தது.

டக்.

இந்தத் தடவை திறந்து பார்க்கவில்லை. பார்க்காமலே தெரிந்தது. இரண்டு. வீசியெறிந்த கொட்டையும் திரும்பி வந்திருக்கும்.

வீட்டில் யாரும் இல்லை. கணவர் ஸலீம் கடையை மூடிவிட்டு வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும். மஃரிப் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடிந்திருந்தது. எல்லா விளக்கையும் போட்டாள். டின்னை மேசையின் நடுவில் வைத்தாள். எதிரில் உட்கார்ந்தாள். போனை எடுத்து அன்றைய படத்தைத் தேடி அழித்தாள்.

மூன்றாவது பலமாக இருந்தது. சட்டைக்கு மேலேயே தெரிந்தது. இடப்பக்கம் ஒரு முண்டு எழும்பி, தழும்பின் நீளத்துக்கு ஊர்ந்து, அமிழ்ந்தது.

டக்.

பிறகு அவள் காத்திருந்தாள். நாலாவதுக்கு.

சுவர்க் கடிகாரம் ஓடியது. பக்கத்து வீட்டில் டீவி ஓடியது. தகரத்தில் நீர் சொட்டுகிற சத்தம் கேட்டது. இந்த வீட்டில் தகரமே கிடையாது.

நாலாவது வரவில்லை.

அசைந்தபோது இருந்த பயம் ஒன்று. அசையாமல் போனபோது வந்தது வேறு பயம். உள்ளே ஏதோ குளிர்ந்துகொண்டே போனது. ஆற்றுக் கல்லை வயிற்றில் வைத்துத் தைத்தது போல. இடப்பக்கம் சரிந்தாள், அதுவும் சரிந்தது. வலப்பக்கம் சரிந்தாள், அதுவும். கனம். தன் இஷ்டமில்லாத கனம்.

மூன்று. பத்துக்குக் குறைந்தால் அன்றைக்கே. அந்த நிமிடமே.

கேட் திறக்கும் சத்தம் கேட்டு எழும்பப் பார்த்தாள். முடியவில்லை. ஸலீம் உள்ளே வந்தார். குடையை உதறினார்.

“என்ன புள்ள, எல்லா லைட்டையும் போட்டீக்கிற?”

“என்ன ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. இப்பவே. வகுத்துக்குள்ள அசையுதில்ல.”

“என்னது அசையுதில்ல? ஒனக்கு என்ன பைத்தியமா?”

“டின்னப் பாருங்க. மூணுதான் ஈக்கி. மூணு.”

ஸலீம் அவளை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு டின்னை எடுத்தார். மேசையில் கவிழ்த்தார். உருண்டன. பச்சைத் தோல் ஒட்டிய மூன்று. அவற்றுக்குப் பின்னால், காய்ந்து கறுத்த ஒன்பது.

அவர் விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். நிமிர்ந்தார். இருபத்தாறு வருடக் குடும்பத்தில் அவர் அவளை ஒரு தடவையும் ‘நீங்க’ என்று கூப்பிட்டதில்லை.

“பன்னெண்டு இருக்கு” என்றார். “புள்ள நல்லா இருக்கு.”

“இல்ல. நான்... மூணுதான்...”

“மறந்திருப்பீங்க. தூக்கக் கலக்கத்துல போட்டிருப்பீங்க.”

சொல்லிவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல, கடைச் சாவியை ஆணியில் மாட்டினார். செருப்பைக் கழற்றினார்.

குசினியில் கரண்டி கோப்பையில் படுகிற சத்தம் கேட்டது.

றுஸைனா மெல்லத் தலையைத் திருப்பினாள். அடுப்புக்கு எதிரே ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. இடுப்பில் படங்கு. அதன் நுனியிலிருந்து தண்ணீர் சொட்டுச் சொட்டாக. பச்சைக் கொழுந்து வாடை. அவள் தேத்தண்ணி ஆற்றினாள். உயர்த்தி, தாழ்த்தி. அவசரமில்லாமல்.

“ஸலீம். அங்க. அங்க பாருங்க.”

அவர் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கொட்டை விழும்போது அவள் திரும்பவில்லை. இன்றைக்குத் திரும்பினாள். ஒரு கையில் ஆவி பறக்கிற கோப்பை. மறு கை, படங்கை விலக்கிக்கொண்டு, வயிற்றைத் தடவியது. தட்டையான வயிறு. காலி. பாரம் இறக்கிவைத்தவளின் முகத்தோடு, லெச்சுமி றுஸைனாவின் வயிற்றைப் பார்த்துச் சிரித்தாள்.

இதை வாசிக்கிற உங்களிடம் ஒன்று கேட்கிறேன். உங்கள் வீட்டிலோ, பக்கத்திலோ, வேலை செய்கிற இடத்திலோ யாராவது ஒருத்தி “பிள்ளை அசையவில்லை” என்று சொல்லி, “அதெல்லாம் ஒன்றுமில்லை, போய்ப் படு” என்று நீங்கள் பதில் சொன்னது உண்டா? அவள் பெயரையும், அன்றைக்கு அவள் சொன்ன எண்ணிக்கையையும் கீழே எழுதுங்கள். எழுதும்போது ஒன்றைக்கூடக் கூட்டிச் சொல்லாதீர்கள்.