குரங்குக்குப் பக்கத்து வரி

காலை ஐந்தரை மணிக்குக் குருவம்மா ஆள்காட்டி விரலை நக்கி, பொதுக்கதவின் பூட்டில் வைத்தாள். பூட்டு அந்த எச்சிலை ஒரு நொடி சுவைத்துப் பார்த்தது. "சுடலைமணி மகள் குருவம்மா. இன்றைய தண்ணீர் ஐந்து லிட்டர்" என்று சொல்லித் திறந்துகொண்டது. அவளுக்கு முன்னால் பதினோரு பேர் அதே பூட்டில் விரல் வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். அவளுக்குப் பின்னால் இருபது பேர் விரலை வாயில் வைத்தபடி கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள். யாருக்கும் எந்த அருவருப்பும் கிடையாது. செவ்வாய்க் குடியிருப்பில் எச்சில் என்றால் அடையாள அட்டை, அவ்வளவுதான்.

நாலாயிரம் பேர் செவ்வாயின் தரைக்கு அடியில், என்றோ எரிமலைக் குழம்பு ஓடி வறண்டுபோன நீளமான குழாய்களுக்குள் வாழ்ந்தார்கள். நான்கு தலைமுறைக்கு முன்னால் வந்திறங்கிய கலத்தில் மனிதர் ஒருவரும் இல்லை. உறைய வைத்த கருக்கள் இருநூற்றுப் பன்னிரண்டும், அவற்றை வளர்த்தெடுக்கக் கருவளர்ப்புப் பெட்டிகளும்தான் வந்தன. பிறந்த பிள்ளைகளுக்குப் பெயர் வைக்கும் பொறுப்பு இயந்திரத்துக்கு. அது தன் நினைவகத்தில் கிடந்த ஏதோ ஒரு திருநெல்வேலிப் பக்கத்து வாக்காளர் பட்டியலை எடுத்து, மேலிருந்து கீழாக வைத்துக்கொண்டே போய்விட்டது. பேசக் கற்றுக்கொடுத்ததும் அந்த ஊர் ஒலிப்பதிவுகள்தான். யார் பிள்ளை, எந்தக் குலம், எந்தத் தெரு என்ற விவரம் எதுவும் கலத்தில் வரவில்லை. ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு லேபிள் இருந்தது. எல்லா லேபிளிலும் ஒரே தேதி இருந்தது.

இப்படிப்பட்ட ஜனங்களிடம் போய், மனிதன் லட்சக்கணக்கான ஆண்டுகளில் படிப்படியாக உருவானவன் என்று சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பதுதான் குருவம்மாவின் வேலை. பதவியின் பெயர் பரிணாம விளக்குநர். தற்காலிகம். பூமியிலிருந்து வந்த ஓர் அறிக்கையில், பரிணாமத்தை ஏற்பவர்கள் வரிசையில் செவ்வாய் கடைசி என்று போட்டிருந்தார்கள். நிர்வாகக் குழுவுக்கு ரோஷம் வந்து உண்டாக்கிய பதவி. வருஷ முடிவுக் கணக்கெடுப்பில் பாதிப்பேர் 'ஏற்கிறேன்' என்று சொன்னால் பதவி நிரந்தரம். நிரந்தரமானவர்களுக்கு மேல்தளத்தில் வீடு.

அந்த வீடுதான் அவளுக்கு வேண்டும். அவள் அப்பா சுடலைமணி கீழ்த்தளத்தில் பாசித்தொட்டி தேய்ப்பவர். அவருடைய அப்பாவும் அதையேதான் தேய்த்தார். அந்தத் தளத்துக் காற்றில் எந்நேரமும் அமோனியா நெடி. இன்னும் இரண்டு வருஷம் அங்கேயே சுவாசித்தால் நுரையீரல் தாங்காது என்று மருத்துவர் எழுதியே கொடுத்துவிட்டார். அந்தக் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் குருவம்மா. தங்கப் பதக்கத்தோடு வாங்கினாள். அந்தப் பதக்கம் வீட்டில் இருந்ததைவிட அவள் நாக்கில் இருந்த நேரம்தான் அதிகம்.

ஏழு மாதம் முடிந்திருந்தது. ஏற்பவர்கள் நூற்றுக்குப் பதினொன்று.

அன்று நான்காம் குழாயின் கூடத்தில் கூட்டம். அந்தக் குழாயின் தலைவர் ஆவுடைநாயகம் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வீடு ஒதுக்கும் குழுவுக்கும் அவர்தான் தலைவர். அவர் தலையாட்டினால் ஆயிரம் பேர் தலையாட்டுவார்கள். அதனால் குருவம்மா அவரைப் பார்த்தே பேசினாள்.

"ஏம்மா, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்கிடாத" என்றார் அவர். "எங்க பூட்டன் பிறந்த பெட்டி இன்னும் வீட்டுல இருக்கு. லேபிள் இருக்கு, தேதி இருக்கு. நீ சொல்லுத குரங்குக்கு லேபிள் இருக்கா?"

"குரங்குல இருந்து வந்தோம்னு நான் சொல்லவே இல்லய்யா. குரங்குக்கும் நமக்கும் பொதுவா ஒரு மூதாதை."

"சரி, அந்த மூதாதைக்காவது லேபிள் இருக்கா?"

கூடம் சிரித்தது. அங்கே இருந்த ஒருவரும் குரங்கைப் பார்த்ததில்லை. செவ்வாயில் மனிதரையும் பாசியையும் விட்டால் வெட்டுக்கிளிதான் உண்டு, அதுவும் பொரியலுக்கு. ஆனாலும் குரங்கு என்ற சொல்லைக் கேட்டதும் அத்தனை பேர் முகமும் சுருங்கியது. பார்க்காத பிராணி மேல் இவர்களுக்கு இவ்வளவு இளப்பம் எங்கிருந்து வந்ததென்று குருவம்மாவுக்கு விளங்கவே இல்லை. பெட்டியோடு வந்திருக்கும்.

பின்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டாள். "அப்பம் பூமியில மிச்சம் கிடக்க குரங்கெல்லாம் ஏன் இன்னும் மனுசனா மாறல? லீவு போட்டிருக்கா?"

"உங்க சித்தி மகளும் நீங்களும் ஒரே ஆச்சி வழிதானே? அவங்க ஏன் இன்னும் நீங்களா மாறல?"

"அவளா? அவ என்னைய மாதிரி ஆகணும்னா ஏழு ஜென்மம் எடுக்கணும்."

மறுபடி சிரிப்பு. குருவம்மாவுக்குக் காது சுட்டது. "உங்களை எல்லாம் பாத்தா, பரிணாமம் பாதி வழியில நின்னு போச்சுன்னுதான் தோணுது" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

பரிணாமம் எந்த ஊருக்கும் போகிற வண்டி அல்ல. அதற்குப் பாதி வழியும் கிடையாது, முழு வழியும் கிடையாது. இதை முதல் பருவத் தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்பார்கள். தங்கப் பதக்கக்காரிக்குக் கோபம் வந்ததும் அந்த இரண்டு மதிப்பெண்ணும் போயிற்று. அது அவளுக்குத் தோன்றவில்லை. எதிராளி முட்டாள் என்பது மட்டும் நன்றாகத் தோன்றியது.

அலுவலகத்தில் அவளுக்கு உதவிக்கு ஓர் இயந்திரம் உண்டு. குறிப்பி என்று பெயர். நாலாயிரம் பேருடைய மரபணு எழுத்தும் பூட்டுகளின் வழியே அதன் நினைவில் கிடந்தது.

"இருநூத்திப் பன்னெண்டு பெட்டிக்கும் ஒரு உறவு மரம் போடு" என்றாள் குருவம்மா. "யாருக்கு யாரு கிட்டத்துச் சொந்தம், எங்க பிரிஞ்சோம், எல்லாம் வரணும். அவங்க பேரை அச்சுல பாத்தாத்தான் நம்புவாங்க. குரங்குக் கிளையும் ஒண்ணு சேத்துக்க."

"போடலாம்" என்றது குறிப்பி. "மரத்தில் மேல் கீழ் கிடையாது. எந்தக் கிளையையும் அதன் கணுவில் வைத்துத் திருப்பலாம். தாளில் மட்டும் மேல்வரி, கீழ்வரி என்று வரும். யாரை மேல்வரியில் வைக்கட்டும்?"

அவள் அதிகம் யோசிக்கவில்லை. "ஆவுடைநாயகத்தை வை. அவரு ஆளு தலையாட்டணும்."

"கீழே?"

"மத்தவங்களை உன் இஷ்டத்துக்குப் போடு. எங்க வீட்டைக் கடைசில போட்டுரு. சொந்தப் பேரை மேல போட்டுக்கிட்டான்னு ஒருத்தன் சொல்லக் கூடாது."

குரங்குக் கிளை எல்லாருக்கும் வெளியே தனியாகப் பிரிந்து போவது. தாளில் அதற்கு இரண்டே இடம்தான், உச்சி அல்லது அடி. உச்சியில் ஆவுடைநாயகம் இருந்தார். குறிப்பி அதை அடியில் வைத்தது. அடிவரியில் குரங்கு, அதற்கு மேல்வரியில் சுடலைமணி குடும்பம், அப்படியே ஏறிக்கொண்டே போய் உச்சியில் ஆவுடைநாயகம் குடும்பம். எண்ணிக்கை சரி, உறவுகள் சரி. குருவம்மா கையெழுத்துப் போட்டு அனுப்பினாள்.

மறுநாள் ஆவுடைநாயகமே அலுவலகத்துக்கு வந்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"நூறு வருசமா இதை எங்ககிட்ட இருந்து மறைச்சிட்டாங்களேம்மா" என்றார். "கீழ குரங்குல ஆரம்பிச்சு, கொஞ்சம் கொஞ்சமா ஏறி, கடைசில எங்க குடும்பம். அடடா, என்ன ஒரு அறிவியல். நான் ஏத்துக்கிடுதேன். எங்க குழாயே ஏத்துக்கிடும்."

அது அப்படி இல்லை என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். 'ஏத்துக்கிடுதேன்' என்ற சொல் காதில் விழுந்ததும் மூடிக்கொண்டாள். கணக்கெடுப்பு முடியட்டும், பிறகு சாவகாசமாக விளக்கிக்கொள்ளலாம் என்று நினைத்தாள். படித்தவர்களுக்கு இந்தச் சாவகாசம் எப்போதும் உண்டு.

ஒரு வாரத்தில் அலுவலகத்து வாசலில் வரிசை நின்றது. எல்லாருக்கும் தங்கள் வரி எத்தனையாவது என்று முத்திரையோடு வேண்டும். கிளைச் சான்றிதழ் என்று அதற்கு ஜனங்களே பெயர் வைத்துக்கொண்டார்கள். குரங்கு லீவு போட்டிருக்கா என்று பின்வரிசையில் இருந்து கேட்ட பெண்ணும் வந்தாள். அவளுக்கு நாற்பதாவது வரி, அவள் சித்தி மகளுக்கு நாற்பத்தொன்று. "நான் அன்னைக்கே சொன்னேன்லா" என்று சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு போனாள்.

கணக்கெடுப்பு வந்தது. ஏற்பவர்கள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. பூமியின் எந்த நாட்டிலும் அந்த எண் வந்ததில்லை. நிர்வாகக் குழு குருவம்மாவுக்கு மாலை போட்டது, பாசியில் கட்டிய மாலை.

அதற்குள் மற்ற காரியங்களும் நடக்கத் தொடங்கியிருந்தன. பெண் பார்க்கப் போகிறவர்கள் முதலில் வரி எண்ணைக் கேட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் வரி எண்படி உட்கார்ந்தார்கள். பொதுக்கதவில், மேல்வரிக்காரர்கள் பூட்டைத் துடைத்துவிட்டு விரல் வைத்தார்கள். பிறகு துடைப்பதும் போதாமல் போயிற்று.

"எனக்குத் தனிப் பூட்டு போட்டுட்டாங்கட்டி" என்றார் சுடலைமணி வீட்டுக்கு வந்ததும். சொல்லி முடிப்பதற்குள் இரண்டு முறை இருமினார். "தொட்டிப் பக்கமே. புதுப் பூட்டு. வரிசையில நிக்க வேண்டாம், போனதும் திறக்கு. உன் பவுசுதான்."

"பவுசு இல்லப்பா."

"பின்ன என்ன? அன்னைக்கு என் பேரை அச்சுல பாத்தேன். கீழதான் இருக்கு, ஆனா தடிமனா இருக்கு."

குருவம்மா அவருக்கு வெந்நீர் வைத்தாள். மேல்தளத்துக்குப் போனால் எல்லாம் சரியாகிவிடும் என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள்.

மறுநாள் இரண்டு கடிதம் வந்தது. முதலாவது, பதவி நிரந்தரம் என்ற ஆணை. இரண்டாவது, வீடு ஒதுக்கும் குழுவிடமிருந்து. 'தங்கள் கிளையினர் மூன்று தலைமுறையாகத் தொட்டிக் காற்றில் வாழ்ந்து, அதற்கேற்பத் தகவமைந்துவிட்டது அறிவியல்பூர்வமாக அறியப்படுகிறது. மேல்தளத்துக் காற்று தங்கள் தந்தையாரின் உடலுக்கு ஒவ்வாமல் போகலாம். எனவே தங்கள் நலன் கருதி, தற்போதைய இருப்பிடமே தங்களுக்கு நிரந்தரமாக ஒதுக்கப்படுகிறது.' கீழே ஆவுடைநாயகத்தின் கையெழுத்து.

குருவம்மா கடிதத்தோடு நேரே அவர் வீட்டுக்குப் போனாள். வாசலில் நிறுத்தியே பேசினார்.

"அய்யா, மூணு தலைமுறையில நுரையீரல் மாறாது. மாறியிருந்தா எங்கப்பா ஏன் இருமுதாரு?"

"இருமுததுதாம்மா தகவமைப்பு. உள்ள போறதை அப்பப்ப வெளிய தள்ளுதாரு பாரு. எங்களுக்கு அது வராது."

"அந்தத் தாளுல மேல கீழன்னு ஒண்ணும் கிடையாது. அப்படியே தலைகீழாப் பிடிச்சாலும் அதே அர்த்தம்தான். நான்தான் உங்களை மேல போட்டேன். உங்க தலையாட்டுக்காகப் போட்டேன்."

ஆவுடைநாயகம் அவளைக் கொஞ்சம் இரக்கத்தோடு பார்த்தார். "தாளைத் திருப்பலாம்மா. உண்மையைத் திருப்ப முடியுமா? நீ கையெழுத்துப் போட்ட தாள்லா அது. எனக்கும் முதல்ல கஷ்டமாத்தான் இருந்தது, குரங்கு எங்க வகைன்னு கேக்க. ஏத்துக்கிடலயா? உனக்கு இப்ப ஏத்துக்கிடக் கஷ்டமா இருக்கு. போகப்போகச் சரியாயிரும். படிச்ச பிள்ள நீ."

ஒரு காலத்தில் இதே மனிதர், எல்லாரும் ஒரே தேதியில் பெட்டியிலிருந்து வந்தவர்கள், அதற்கு முன்னால் மூதாதையே கிடையாது என்று நம்பினார். அது பச்சைப் பொய். அந்தப் பொய்யை நம்பிய காலத்தில், சுடலைமணி விரல் வைத்த பூட்டிலேயே அவரும் விரல் வைத்தார். குருவம்மா வந்து உண்மையைச் சொல்லித் திருத்தினாள்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் கதவை அடைத்துக்கொண்டாள். வெளியே சான்றிதழ் வரிசை காத்திருந்தது. உருப்படியாகச் செய்யக்கூடிய காரியம் ஒன்று இருந்தது. எந்தக் கிளையும் உசத்தி இல்லை என்று ஊரைக் கூட்டிச் சொல்லி, தன் கையெழுத்துப் போட்ட தாளைத் தானே கிழிப்பது. பதவி போகும். அதை அவள் சுமார் அரை நிமிஷம் நினைத்துப் பார்த்தாள்.

"குறிப்பி, ஒரு தாள்தான் போட முடியுமா? அதே மரம், வேற வரிசையில?"

"எத்தனை வேண்டுமானாலும் போடலாம். எல்லாமே சரியான படங்கள்தான்."

"அப்ப திருத்திய பதிப்புன்னு போடு. புது ஆய்வின்படின்னு ஒரு வரி சேத்துக்க. உச்சியில சுடலைமணி குடும்பம்."

திரையில் கிளைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. அப்பாவின் பெயர் அடியிலிருந்து கழன்று மேலேறி, உச்சிவரியில் போய் உட்கார்ந்தது. அங்கே அந்தப் பெயரைப் பார்த்ததும் குருவம்மாவுக்கு ஓர் ஆச்சரியம். படம் சரியாக இருப்பதுபோல் தோன்றியது. வெறும் சரி இல்லை, நியாயமாக. யோசித்துப் பார்த்தால் அந்த வம்சத்தில் ஏதோ ஒரு விசேஷம் இருக்கத்தானே செய்கிறது. இல்லாவிட்டால் தொட்டிக்குள்ளிருந்து ஒரு தங்கப் பதக்கம் எப்படி வரும்?

"மற்றவர்களை எந்த வரிசையில் வைக்கட்டும்?" என்று கேட்டது குறிப்பி.

"மத்தவங்களை உன் இஷ்டத்துக்கு வை."

"குரங்கை?"

"அது அடியிலயே இருக்கட்டும்" என்றாள் குருவம்மா, பேனாவைத் திறந்துகொண்டே. "ஆவுடைநாயகத்தை அதுக்குப் பக்கத்து வரியில போடு."