இரண்டு தட்டு

சாவியை உருவிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்ட பிறகும் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு அணையவில்லை. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டிகளில் அந்த இழுவையில் கோளாறு என்றால் எரிகிற விளக்கு. கோளாறு இருக்கிறது, எரியட்டும். ஆனால் சாவியே இல்லாமல் எரிய அதற்கு என்ன திமிர் என்று அக்காவுக்குக் கோபம்தான் வந்தது.

பட்டறையில் எல்லோருக்கும் அவள் அக்காதான். கூடப் பிறந்து அப்படிக் கூப்பிட்டவன் இரண்டு மாதத்துக்கு முன் இதே வண்டிக்கு அடியில் போய்ச் சேர்ந்தான். வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த வண்டி. அன்று முன்பக்கத்தை மட்டும் தூக்கி இரும்பு ஸ்டாண்டுமேல் நிறுத்தியிருந்தார்கள். பின்பக்கத்துக்கும் ஸ்டாண்டு வைக்கத் தம்பி அடியில் நுழைந்தான். பின்பக்கமும் ஏறியதும் சக்கரங்களைச் சுற்றவிட்டுப் பார்க்க, இன்ஜின் ஓட, அவள் டிரைவர் சீட்டில் காத்திருந்தாள். அந்தப் பட்டறைச் சத்தத்தில் கத்திப் பிரயோஜனமில்லை, ஸ்பேனரால் இரும்பில் தட்டுவதுதான் வழக்கம். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு தட்டு என்றால் கியரைப் போடு. இரண்டு தட்டு கேட்டது. போட்டாள். தரையில் நின்ற பின்சக்கரங்கள் வண்டியை ஸ்டாண்டிலிருந்து தள்ளி அவன்மேல் இறக்கின.

"அக்கா, நான் தட்டல," என்றான். அதுதான் அவன் கடைசிப் பேச்சு.

அவனுக்கு மறதி என்றார்கள், இவளுக்குக் காது கோளாறு என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? பட்டறை முதலாளியான தாய்மாமாகூட அவள் முகம் பார்த்துப் பேசுவதில்லை. விளக்கு அணைய மாட்டேன் என்கிறது, வேறு எவரும் தொட மாட்டேன் என்கிறார்கள் என்று வண்டிக்காரர் திரும்பி வந்தபோது, திருப்பி அனுப்பு என்றார் மாமா. அவள் கேட்கவில்லை. தம்பி தட்டவில்லை, தனக்கும் காதில் கோளாறில்லை. இந்த இரண்டையும் மாமா தன் கண்ணால் பார்த்தாக வேண்டும்.

அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தனியாக வந்து ஷட்டரை இறக்கிவிட்டு, செல்போனை டூல் பெட்டிமேல் சாய்த்து வீடியோவை ஓடவிட்டிருந்தாள். இந்தத் தடவை நாலு ஸ்டாண்டு, நாலு சக்கரமும் அந்தரத்தில். தகரக் கூரையில் மழை விடாமல் கொட்ட, கியர் ஆயில் வாசனைக்கு நடுவே கருகிய ரப்பர் நாற்றம் எங்கிருந்தோ கசிய, திறந்த வண்டிக் கதவு வழியே அந்த மஞ்சள் வெளிச்சம் சிமெண்ட் தரையில் ஒரு கைக்குட்டை அளவுக்கு விழுந்து கிடந்தது.

வண்டியின் கோளாறைப் படிக்கிற ஸ்கேனரைச் செருகினாள். முன்சக்கரம் இரண்டின் வேகமும் பூஜ்யம். பின்சக்கரம் இரண்டும் மணிக்கு மூன்று கிலோமீட்டர். ஆள் நடக்கிற வேகம். எழுந்துபோய்ப் பார்த்தாள். பின்சக்கரம் அசையவில்லை. தொட்டுப் பார்த்தாள், வெயிலில் வெகுதூரம் ஓடி வந்ததுபோல டயர் கொதித்தது.

அவளுக்குப் பயம்தான். பயந்தால் வேலை நடக்குமா? பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்தாள். இனி இது வெறும் இரும்பு.

விளக்கு எரிந்தது.

"எரி," என்றாள். "எங்கேருந்து எரியறேன்னு பாக்காம போமாட்டேன்."

பின்பக்கத்து வயர் இணைப்பில்தான் பழுது என்று ஸ்கேனர் காட்டியிருந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, ஸ்பேனரை நெஞ்சில் வைத்துக்கொண்டு, மல்லாந்து அடியில் ஊர்ந்தாள். இணைப்பைக் கண்டுபிடித்துப் பிடுங்கினாள். உள்ளே பளபளப்பாக, புதுசாக இருந்தது. ஒரு பழுதும் இல்லை.

டக். டக்.

காதோரத்தில். ஸ்பேனர் நெஞ்சிலேயே கிடந்தது.

மேலே சீட் கிறீச்சிட்டது. யாரோ உட்காருகிற கிறீச்.

நகரவில்லை அவள். ஸ்பேனரை எடுத்து, பலமாக, ஒரே ஒரு தட்டு தட்டினாள். நிறுத்து.

மேலே கியர் விழுந்தது.

பின்சக்கரங்கள் சுற்றத் தொடங்கின. பிறகு முன்சக்கரங்கள். மெதுவாக. ஆள் நடக்கிற வேகம். தலைமாட்டு ஸ்டாண்டு ஒரு விரல்கடை நகர்ந்தது. இன்னொரு விரல்கடை.

அவள் டார்ச்சைத் துப்பிவிட்டு, செல்போன் இருந்த பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

"மாமா, நல்லா கேட்டுக்குங்க. நான் தட்டல."

தரையில் பேட்டரி தனியாகக் கிடந்தது. நாலு சக்கரமும் சுற்றிக்கொண்டிருந்தன. சிமெண்டில் விழுந்திருந்த மஞ்சள் வெளிச்சம் அப்போதுதான் அணைந்தது.