நடுவில் ஒன்றுமில்லை

கூடத்தில் மூன்று ஈக்கள் சுற்றிக்கொண்டிருந்தன. ஈ சுற்றுவதில் என்ன அதிசயம், அதற்கு வேறு வேலையா என்று மடிக்கணினியில் முகம் புதைத்திருந்தவள், சற்றுக் கழித்து மறுபடி நிமிர்ந்தாள். விளக்கு ஓரத்தில் இருந்தது. சாப்பாட்டு மேசை அடுத்த அறையில். ஈக்களோ கூடத்தின் நட்டநடுவில், இடுப்பு உயரத்தில், ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைச் சுற்றி வட்டம் பிசகாமல் போய்க்கொண்டிருந்தன.

அவளுக்கு அது பிடிக்கவில்லை. அவள் தொழில் அப்படி. நம் பால்வெளியைச் சுற்றிவரும் மங்கலான குட்டி விண்மீன் மண்டலங்களைத் தேடுவது அவள் வேலை. சிலவற்றில் விண்மீன்கள் விரல்விட்டு எண்ணுகிற அளவுக்குத்தான் இருக்கும். ஆனால் அவை ஓடுகிற வேகத்தைப் பார்த்தால், கண்ணுக்குத் தெரியாத பெரும் பாரம் ஒன்று நடுவில் உட்கார்ந்து அவற்றைப் பிடித்துவைத்திருப்பது புரியும். கரும்பொருள் என்று அதற்குப் பெயர் வைத்தாயிற்று. பெயர் வைத்துவிட்டால் பயம் போய்விடுமா என்ன? அந்தக் குட்டி மண்டலங்கள் எத்தனை, எவ்வளவு கனம் என்று பார்த்துத்தான் கரும்பொருளைப் பற்றிய கணக்கெல்லாம் தேறுமா தேறாதா என்று சொல்ல முடியும்.

தேடுகிற கணினி நிரல் ஒழுங்காகத் தேடுகிறதா என்று சோதிக்க, வானப் படங்களில் பொய் மண்டலங்களைக் கலந்துவைப்பது அந்தத் தொழிலில் வழக்கம். போன வாரம் அவளும் ஒன்றைக் கலந்தாள். நாலைந்து மங்கல் விண்மீன்கள், நடுவில் அளவுக்கு மீறிய பாரம். இப்படி ஒன்று எங்கேயும் இருக்காது என்று சிரித்துக்கொண்டேதான் செய்தாள்.

தொலைநோக்கியில் வேலை பார்க்கும் சக ஊழியர் கைபேசியில் அழைத்தார்.

"மேடம், புதுசா ஒண்ணு மாட்டிருச்சு! வேகம்கூட அளந்தாச்சு. நாலஞ்சு விண்மீன்தான், ஆனா நடுவுல பயங்கர கனம்."

"ஐயோ சார், அது நான் கலந்த பொய். எடுக்க மறந்து தொலைச்சிட்டேன்."



"இது நேத்து எடுத்த படம் மேடம். நேரா வானத்துலேருந்து வந்தது. யாரும் கை வைக்கல." அவர் குரல் இறங்கியது. "விடியறதுக்கு முன்னாடி திரும்பவும் பார்த்தோம். விண்மீன் எல்லாம் சிதறி ஓடுது. புடிச்சுவச்சிருந்தது எழுந்து போயிட்ட மாதிரி."

கைபேசியை வைத்த பிறகுதான் கவனித்தாள்: மாலை வெயில் விழுந்திருந்த ஜன்னலில் காற்றே இல்லை, ஆனாலும் திரைச்சீலை உள்பக்கமாகச் சாய்ந்தே நின்றது. ஈரமண்ணில் கிடந்து துருப்பிடித்த இரும்பைப் போல ஒரு வாடை வந்தது. தரையில் ஏதோ உருளும் சத்தம், நிற்காமல், ஒரே சீராக, சுவரோரம் போய் நாற்காலியைத் தாண்டி மறுபடி சுவரோரம் வந்தது. மகளின் பந்து. அதன் பின்னால் மகள்.

"குட்டி, விட்டுட்டு அம்மாகிட்ட வா."

குழந்தை திரும்பி நடந்தது. அவளிடம் வரவில்லை. நாற்காலியைச் சுற்றி வளைந்து போனது.

"விளையாடாதடி! நேரா வா."

"நேராத்தாம்மா வர்றேன்."

குழந்தை அழ ஆரம்பித்தது.

பெற்ற வயிறு சும்மா இருக்குமா? பாய்ந்தாள். நேராகத்தான் ஓடினாள். சுவர். ஜன்னல். நாற்காலி. மறுபடி சுவர். கால் எங்கேயும் திரும்பவில்லை. தரைதான் வளைந்தது.

எதிர்ப்பக்கத்தில் மகள். கைக்கெட்டும் தூரம். கையை நீட்டினாள். விரல்கள் பக்கவாட்டில் சாய்ந்து போயின.

"அம்மா, தூக்கு!"

ஜன்னல். நாற்காலி. சுவர். வட்டம் சின்னதாகிக்கொண்டிருந்தது. ஈக்களின் ரீங்காரம் நின்றிருந்தது. ஈக்களைக் காணோம். பந்தையும் காணோம்.

மகளின் சடை தோளிலிருந்து மெல்ல எழுந்தது. ஒன்றுமில்லாத அந்த நடுவை நோக்கி, யாரோ நுனியைப் பிடித்திருப்பதுபோல, விறைத்து நின்றது.