நாமா, நாங்களா?

இரண்டாம் நாள் காலை, வேன் கதவைப் பிடித்தபடி கைடு சொன்ன ஒரு வார்த்தைதான் தங்கைக்கு முதலில் உறுத்தியது.

"மதியத்துக்குள்ள நாங்க கணவாயைத் தாண்டிடுவோம்."

நாங்களா? அப்படியானால் எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கும் நாலு பேரும் யாராம்? முதல் நாள் முழுக்க 'நாம, நாம' என்று வாய் நிறையச் சொன்ன ஆள். அச்சகத்தில் பதினாறு வருடமாகப் பிழை திருத்துகிறவள் அவள். ஒரு ஒற்று விட்டுப்போனாலே தூக்கம் கெடும். கேட்பவரைச் சேர்த்துக்கொண்டால் நாம், ஒதுக்கிவிட்டால் நாங்கள். பால்குடி மறக்காத பிள்ளைகூட இதில் தவறாது.

"ஏன், எங்களைப் பாதி வழியில இறக்கி விட்டுடுவீங்களா?" கேட்டே விட்டாள்.

கைடு சிரித்தான். "வருவீங்க மேடம். ஒவ்வொருத்தரா வருவீங்க."

"சும்மா இருடி. இவ்வளவு தூரம் வந்தும் அந்தச் சிவப்புப் பேனாவை மூடி வைக்க மாட்டியா?" அக்கா முழங்கையால் இடித்துவிட்டுச் சிரித்தாள்.

அத்தான் போனதிலிருந்து ஒரு வருடமாக வாசற்படி தாண்டாத அக்கா. மலையேறி, கணவாய் தாண்டி, பாலைவன மணல்மேடு வரை போகும் இந்த ஐந்து நாள் பயணத்துக்கு அவளை இழுத்து வந்ததே தங்கைதான். "அவளைப் பத்திரமா கூட்டிட்டு வந்து சேருடி," என்று அம்மா கிளம்பும்போது மூன்று தடவை சொன்னாள். அக்காவின் சிரிப்பைப் பார்த்ததும், போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

வேன் முக்கி முனகி ஏறியது. சாத்திய கண்ணாடி வழியாகவும் ஈரப்பாறையின் வாசனையும் பிரேக் தேயும் நாற்றமும் வந்துகொண்டிருந்தன. தூறல் கூரையில் விரல் தட்டுவதுபோல் விட்டு விட்டுத் தட்டியது. முன் சீட்டில் பல் டாக்டரம்மா, ஓய்வு பெற்றவர், தான் பிடுங்கிய பல்லையெல்லாம் ஒவ்வொன்றாகக் கதை சொல்லிக்கொண்டு வந்தார். ஒரு வளைவில் கைடு வண்டியை நிறுத்தச் சொன்னான். ஒற்றையடிப் பாதையாம், ஒருத்தரைத்தான் கூட்டிப்போக முடியுமாம். டாக்டரம்மாவை அழைத்துப்போனான்.

பத்து நிமிடத்தில் திரும்பினார்கள். டாக்டரம்மா வாயே திறக்கவில்லை. உட்கார்ந்து ஒரு ஷூவைக் கழற்றிக் கவிழ்த்தார்.

மணல். பொடிப்பொடியாய், காய்ந்த, சிவந்த மணல். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. பாலைவனத்துக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

"அங்க என்ன பார்த்தீங்க டாக்டரம்மா?"

"நாங்க பார்த்தோம்," என்றார் அவர். அவ்வளவுதான்.

மூன்றாம் நாள், பின் சீட்டில் படமெடுத்துக்கொண்டே வந்த கேமராக்காரரின் முறை. போகும்போது, தோளை விட்டு இறக்காத கேமராவைச் சீட்டிலேயே வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்தும் அதைத் தொடவில்லை. வளைவுக்கு வளைவு அது தரையில் உருண்டு இடித்துக்கொண்டே வந்தது. அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை. மாலையில் விடுதி மேசையில் கைடு, டாக்டரம்மா, கேமராக்காரர் மூன்று பேரும் சாப்பாட்டைத் தொடாமல் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். இவள் நுழைந்ததும் பேச்சு பட்டென்று நின்றது.

"அக்கா, இந்த ஆளு சரியில்ல. நாளைக்கு உன்னைக் கூப்பிட்டா போகாத."

"பைத்தியமாடி உனக்கு?"

"போகாதன்னா போகாத. சத்தியம் பண்ணு."

"சரி தாயே, உன் மேல சத்தியம். போதுமா?" என்று அக்கா அவள் தலையில் குட்டினாள்.

நாலாம் நாள் மலை முடிந்தது. பச்சை போய், மஞ்சள் போய், வெறும் கட்டாந்தரை. பெட்ரோல் பங்கில் வண்டி நின்றபோது தங்கை பாத்ரூமுக்குப் போனாள். இரண்டே நிமிடம். திரும்பி வந்தால் அக்காவின் சீட் காலி.

"நீங்களாவது தடுத்திருக்கக் கூடாதா?" என்று டிரைவரிடம் கத்தினாள்.

"நான் வண்டியை விட்டு இறங்குறதே இல்லம்மா," என்றார் அவர், சாலையைப் பார்த்தபடி.

பங்குக்குப் பின்னாலிருந்து கைடோடு அக்கா வந்தாள். தலை வகிட்டில் மணல் கோடு போட்டிருந்தது. காற்றே இல்லை.

"அக்கா!"

"நாளைக்குக் காலைல நாங்க மணல்மேட்டுக்குப் போறோம்."

"நாங்கன்னா? அப்ப நான்?"

அக்கா அவளை மைல்கல்லைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். 'டி' இல்லை. சிரிப்பு இல்லை. நாம்தானே இழுத்து வந்தோம், நாம்தானே, என்று தங்கையின் மனசு அடித்துக்கொண்டது. சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டாள். "நாங்க நல்லா இருக்கோம்மா," என்றாள். சரியான இலக்கணம்தான். நாக்கு கூசியது.

ஐந்தாம் நாள் விடிந்ததும் கைடும் அக்காவும் மற்ற இருவருமாக நாலு பேரும் வேனை விட்டு இறங்கி நடந்தார்கள். வரிசையாக. திரும்பிப் பார்க்காமல். டிரைவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.

தங்கை பின்னால் ஓடினாள். கால் புதைந்தது. மூச்சு வாங்கியது.

"அக்கா, வந்துடு! வீட்டுக்குப் போயிடலாம்!"

உச்சி. எட்டிப் பிடித்துவிட்டாள். அக்காவின் கை.

நாலு பேரும் திரும்பினார்கள். அக்கா சிரித்தாள். பழைய சிரிப்பு.

"வந்துட்டியாடி? வா, நாம போலாம்."

நாம. வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அந்த ஒரு சொல்லுக்காகத்தானே நாலு நாளாகத் தவித்தாள். அக்காவை இழுத்துக்கொண்டு இறங்கத் திரும்பினாள்.

கீழே சரிவு வழவழவென்று கிடந்தது. ஐந்து பேர் ஏறி வந்த சரிவு. ஒரு காலடித் தடம் இல்லை. அவளுடையதும் இல்லை.

தூரத்தில் வேன் வட்டமடித்துக் கிளம்பியது.

குனிந்தாள். கோத்துப் பிடித்த இரண்டு கைகள். விரலிடுக்கிலிருந்து சிவந்த மணல் சன்னமாக ஒழுகியது. விரல்கள் குறைந்துகொண்டே வந்தன. அக்காவுடையவையா, தன்னுடையவையா, தெரியவில்லை.